கச்சான் காலத்தில் வாளி, வாடைக் காலத்தில் மழைநீர்: வெண்புள்ளி கண்ட கடல்மீனுக்கு எந்த வைத்தியம்?

உப்புவெளியில் என் வீட்டிலிருந்து கடல் நடந்து போகும் தூரம்தான். ஆனாலும் தொட்டியில் வளர்க்கும் கடல்மீனுக்கு வருத்தம் வந்தால் கொண்டுபோய்க் காட்ட ஓர் இடம் இல்லை. மாட்டுக்கும் நாய்க்கும் ஊசி போடுகிற ஒருவரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "எத்தனை கிலோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். திருகோணமலையில் மீன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது குழம்புதான்.

ஆகவே எங்களைப் போன்றவர்கள் நாங்களே வைத்தியர்களாகிவிடுகிறோம். படிப்பதோ குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிவைத்த ஆலோசனைகளை. அவை தவறானவை அல்ல. ஆனால் அவர்களுக்குக் கடல்நீர் என்பது பெட்டியில் விலைக்கு வாங்கிக் கரைக்கும் உப்பு. மருந்து, பக்கத்துக் கடையில் அலமாரியில் இருக்கும் போத்தல். எங்களுக்கு நிலைமை தலைகீழ். கடல்நீருக்கு விலை இல்லை, தூக்கிவரும் கூலி மட்டும்தான். மருந்துதான் கப்பலில் வர வேண்டும். இந்த ஒரு வேறுபாடு போதும், அவர்கள் முதலில் சொல்லும் வைத்தியம் எங்களுக்குக் கடைசியாகிவிடுகிறது. எந்த மாதத்தில் வருத்தம் வந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதை ஒரு மீனையும் சில நத்தைகளையும் பறிகொடுத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

சென்ற யூன் மாதம், கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மனைவியின் தம்பி உவர்மலையிலிருந்து அழைத்தான். "அத்தான், டாங் மீனின் மேல் யாரோ உப்புத் தூவிவிட்டது போல் இருக்கிறது" என்றான். அவனிடம் இருப்பது பவுடர் ப்ளூ டாங். இந்து சமுத்திரத்து மீன். எங்கள் பாறைகளிலும் உண்டு. உடல் வெளிர் நீலம், முகம் கறுப்பு, முதுகுத் துடுப்பு மஞ்சள். அழகுக்குக் குறைவில்லை. வெண்புள்ளி நோயை வீட்டுக்கு முதலில் அழைத்து வருவதும் பெரும்பாலும் இதுதான். அதே தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் இருந்தன.

வைத்தியத்தை ஒப்பிடுவதற்கு முன் வந்திருப்பது எந்த வருத்தம் என்று தெரிய வேண்டும். தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் சாய்த்து ஒரு டோர்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். புள்ளிகள் தனித்தனியாக, எண்ணக்கூடியவையாக, தூள் உப்பின் பருமனில் இருந்தால் அது வெண்புள்ளி நோய். கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைக்கல உயிரி. எண்ண முடியாதபடி மாவு அப்பியது போல், சற்றுப் பொன்னிறமாகத் தெரிந்தால் அது வெல்வெட் நோய், அமிலூடினியம். அதற்குள் மீன் பம்ப் தள்ளும் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். கோமாளி மீனின் தோல் வெண்சளியாய் உரிந்து தொங்கினால் புரூக்லினெல்லா. இந்த மூன்றையும் "வெள்ளை விழுந்திருக்கிறது" என்று ஒரே சொல்லில் சொல்லி ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் பாதி மீன்கள் சாகின்றன.

அவன் மீனின் வலது பக்கத்தில் பதினேழு புள்ளிகளை எண்ணினான். தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு நிமிடம் செவுள் அடிப்பதையும் எண்ணச் சொன்னேன். தொண்ணூற்றிரண்டு. கொஞ்சம் வேகம், ஆனால் சாப்பிடுகிறது. வெண்புள்ளிதான். யோசிப்பதற்கு நேரம் இருந்தது.

இந்த உயிரியின் வாழ்க்கையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் எல்லா வைத்தியமும் இதற்குள்தான் இருக்கிறது. மீனின் மேல் நாம் காணும் புள்ளி, தோலின் மேற்படலத்துக்குக் கீழே புதைந்திருந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. மூன்று முதல் ஏழு நாள் வரை அங்கே இருக்கும். பிறகு தானாக உதிர்ந்து அடிக்குப் போய், மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூட்டைக் கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து இருநூறு குஞ்சுகள் வரை ஆகும். கூடு உடைய மிகக் குறைந்தது மூன்று நாள், வழக்கமாக நான்கு வாரத்துக்குள். 72 நாள் வரை இழுத்ததும் உண்டு. வெளியே வந்த குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் இறந்துவிடும். தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து எதுவும் அதை நெருங்காது. நீந்தித் திரியும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டுமே அகப்படும்.

புள்ளி உதிர்வதையும் மீன் குணமாவதையும் ஒன்றென்று நினைப்பதுதான் இங்கே பெரிய ஏமாற்றம். ஐந்தாம் நாள் மீன் பளிச்சென்று இருக்கும். நான்காம் நாள் என்ன கொடுத்தோமோ அது மருந்தென்று பெயர் வாங்கிக்கொள்ளும். பூண்டுக்கு அப்படித்தான் பெயர் வந்தது. பூண்டுச் சாற்றில் ஊறவைத்த இறால் மீனுக்குப் பசியைத் தூண்டலாம். ஒட்டுண்ணியை அது கொன்றதாக என் தொட்டியில் நான் கண்டதில்லை. மஞ்சள் போட்டவர்களையும் அறிவேன். தொட்டி மஞ்சளானது. நன்னீர்த் தொட்டி வைத்திருந்து கடலுக்கு மாறியவர்கள் வெப்பத்தைக் கூட்டச் சொல்வார்கள். அது நன்னீரில் வரும் வேறொரு உயிரிக்கான வைத்தியம். பெயரில் மட்டும்தான் உறவு. இங்கே தண்ணீர் ஏற்கெனவே 29 பாகையில் நிற்கிறது, இன்னும் கூட்டினால் தண்ணீரில் பிராணவாயுதான் குறையும். சுத்தம் செய்யும் மீனை வாங்கி விட்டால் அது கொத்தித் தின்றுவிடும் என்பாரும் உண்டு. அந்த மீன் தின்பது தோலின் மேல் திரியும் சிறு கடற்பேன்களை. தோலுக்குள் இருப்பதை அது எப்படி எடுக்கும்? பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளில் அது பட்டினியால் செத்துப்போகும் என்பது தனிச் சோகம்.

நன்னீரில் முக்கியெடுப்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். குளோரின் நீக்கிய, அதே வெப்பமும் அதே காரத்தன்மையும் உள்ள நன்னீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் மீனை வைப்பது. தட்டைப்புழுக்கள் இருந்தால் வெள்ளையாகி உதிரும். ஆகவே நோயை அறிய உதவும். வெண்புள்ளிக்குப் பயனில்லை. மீனும் பயந்து போகும்.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். மூன்று வழிகள்: செம்பு, உப்பைக் குறைத்தல், வாளி மாற்றுதல்.

செம்பில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பல வருடங்களுக்கு முன், என் முதல் தொட்டியில் வெண்புள்ளி கண்டபோது, மீனோடு எனக்கு மருந்தையும் விற்ற ஒருவர் ஒரு நீலத் திரவத்தைத் தந்து "நேரே தொட்டியில் ஊற்றுங்கள்" என்றார். ஊற்றினேன். மறுநாள் காலை துறவி நண்டு ஓட்டைவிட்டு வெளியே கிடந்தது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்திருந்தன. சோதித்துப் பார்த்தால் தண்ணீரில் செம்பே இல்லை! என் தொட்டியின் அடியில் இருந்தது பவள மணல். சுண்ணாம்புத் தன்மையான மணலும் கல்லும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இல்லையென்று நினைத்து இன்னும் ஊற்றினேன். நான்காம் நாள் மீனும் போய்விட்டது. முதுகெலும்பில்லாத உயிர்கள் இருக்கும் தொட்டியில் செம்பை ஊற்றவே கூடாது. பிறகு அந்தக் கற்களையும் நம்ப முடியாது.

சரியாகச் செய்தால் செம்பு வேலை செய்யும், மறுக்கவில்லை. மணலும் கல்லும் இல்லாத தனித் தொட்டி வேண்டும். தனிச் செம்பு அயனாக ஒரு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். கீழே போனால் ஒட்டுண்ணி பிழைக்கும், மேலே போனால் மீன் பிழைக்காது. பிணைத்த செம்பு என்று விற்கும் திரவங்களுக்கு அளவு வேறு, அவற்றின் தாளில் உள்ளபடிதான் போக வேண்டும். இந்த அளவை முப்பது நாள் இறங்காமல் வைத்திருக்க வேண்டும், தினம் சோதிக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து சேரும் நஞ்சான அமோனியாவை நீக்க விற்கும் திரவங்களை அதோடு சேர்க்கக் கூடாது. சில செம்பை இன்னும் நஞ்சாக்கிவிடும்.

"மயில்துத்தம் செம்புதானே, விவசாயக் கடையில் கிலோ கணக்கில் இருக்கிறதே" என்று மச்சான் கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். மயில்துத்தத்தில் கால்பங்கு செம்பு. நூறு லீற்றர் தண்ணீருக்கு 15 மில்லிகிராம் செம்பு என்றால் 60 மில்லிகிராம் மயில்துத்தம். ஒரு பரசிட்டமோல் மாத்திரையில் இருக்கும் 500 மில்லிகிராம் மருந்தில் எட்டில் ஒரு பங்குதான் அது. நம் வீட்டுத் தராசு எதிலும் நிறுக்க முடியாது. ஒரு கிராமை ஒரு லீற்றர் நீரில் கரைத்து, அதில் 60 மில்லிலீற்றர் எடுத்து, இரண்டு மூன்று நாளில் பிரித்துச் சேர்க்கலாம் என்பது உண்மை. ஆனால் பயிருக்குத் தெளிப்பதற்கென்று விற்கும் தூளில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது. செம்புச் சோதனைப் பெட்டி கையில் இல்லாமல் செம்பைத் தொடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுவது. அந்தப் பெட்டியும் கொழும்பிலிருந்து வர வேண்டும், பல நேரம் திகதி முடிந்ததாக.

ஆனாலும் வெல்வெட் நோய் என்றால் நான் செம்பைத்தான் தேர்வேன். அதற்கு மற்ற இரண்டு வழியும் நம்பகமில்லை. உப்பைக் குறைத்தால் அது கவலைப்படாது, வாளி மாற்றினால் தப்பித் தொடர்ந்து வரும். புரூக்லினெல்லாவுக்குச் செம்பு உதவாது, போர்மலின் குளிப்பாட்டல்தான். போர்மலின் நமக்கும் நஞ்சு, கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். அதோடு அது தண்ணீரின் பிராணவாயுவைக் குறைக்கும், எங்கள் ஊர் வெதுவெதுப்பான நீரில் காற்றுக்கல் கொதிப்பது போல் குமிழ்விட வேண்டும்.

குளோரோகுயின் என்றொரு மலேரியா மருந்தும் உண்டு. லீற்றருக்குப் பத்து மில்லிகிராம் அளவில் கடல்மீன் வளர்ப்பவர்கள் வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். எங்கள் பெற்றோர் காலத்தில் அந்த மாத்திரை வீட்டுக்கு வீடு இருந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்துவிட்டது. நாட்டுக்கு நல்லது நடந்தது, என் மீனுக்கு ஒரு மருந்து குறைந்தது. மனிதருக்கான மருந்தைச் சீட்டு இல்லாமல் தேடி அலைவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உப்பைக் குறைக்கும் வழி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் மருந்தே இல்லை. எலும்புமீனின் இரத்தத்தில் உள்ள உப்பு கடலின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கடலில் வாழும் மீன் நாள் முழுதும் அந்த வித்தியாசத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கிறது. தொட்டியின் நீரை அந்த மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, நன்னீரை 1 என்று வைத்து அளக்கும் ஒப்படர்த்தியில் 1.009க்கு இறக்கிவிட்டால், மீனுக்கு வேலை குறைகிறது. ஒட்டுண்ணிக்கோ நீர் உள்ளே புகுந்து வெடிக்கும் நிலை. இரண்டு நாளில் படிப்படியாக இறக்கி, கடைசிப் புள்ளி மறைந்ததிலிருந்து முப்பது நாள் அப்படியே வைத்திருந்து, பிறகு நாளொன்றுக்கு 0.002க்கு மேல் போகாமல் ஒரு வாரத்துக்கும் மேலாக ஏற்ற வேண்டும். இறக்குவதைவிட ஏற்றுவதில்தான் மீன்கள் அதிகம் தவறுகின்றன. அவசரப்பட்டால் சிறுநீரகம் தாங்காது. சுறா, திருக்கை வகைகளுக்கும், நண்டு, இறால், பவளம் எதற்கும் இது ஆகாது. ஆகவே இதற்கும் தனித் தொட்டிதான்.

இதன் எதிரி அளவுக்கருவி. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீற்றர் 1.009 என்று காட்டும்போது உண்மையில் 1.012 இருக்கலாம், 1.012இல் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும், நீங்கள் முப்பது நாளும் வீணாகக் காத்திருப்பீர்கள். ஒரு சொட்டை வைத்து வெளிச்சத்தில் பார்க்கும் ரிஃப்ராக்டோமீற்றர் வேண்டும், அதையும் அளவு தெரிந்த உப்புக் கரைசலில் சரிபார்த்திருக்க வேண்டும். காரத்தன்மை இறங்கும், கொஞ்சம் அப்பச்சோடாவைக் கரைத்துச் சேர்த்தால் நிமிரும். வடிகட்டியில் இருக்கும் நல்ல பக்டீரியா சோர்ந்துபோகும், அமோனியாவைக் கவனிக்க வேண்டும்.

யூன் மாதத்தில் மச்சானுக்கு இந்த வழியை வேண்டாம் என்றதற்குக் காரணம் கச்சான். கிழக்குக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கிலிருந்து மலையைத் தாண்டி வரும்போதே ஈரத்தை இறக்கி வைத்துவிட்டு, வரண்டு, சூடாகி வந்து சேரும். காலையில் போட்ட சேலை ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். திறந்த தொட்டியில் தண்ணீர் நாளுக்கு நாள் விரற்கடை விரற்கடையாக இறங்கும். நீர் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும். காலையில் 1.009, இரவில் 1.011. வேலைக்குப் போகிற ஒருவன் அதை முப்பது நாள் காவல் காக்க முடியாது. அந்தக் காலத்தில் கிணறுகளும் கடலோரத்தில் உவர்த்துவிடுகின்றன, கலப்பதற்கு நல்ல நன்னீரே தட்டுப்பாடு.

அதே கச்சான் காலத்தில் கடலைப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், நீர் தெளிந்திருக்கும், சுழியோடிகளுக்கு இதுதான் தொழில் காலம். அள்ளி வரத் தகுந்த தண்ணீர் அப்போதுதான் கிடைக்கும். மருந்து ஒரு துளியும் இல்லாத மூன்றாவது வழிக்கு வேண்டியது அதுதான்.

வாளி மாற்றும் வழி இப்படி. கூடு உடைய குறைந்தது மூன்று நாள் ஆகும் என்று சொன்னேன் அல்லவா? மூன்று நாளுக்குள், அதாவது 72 மணி நேரம் முடிவதற்குள், மீனைப் புதுத் தண்ணீர் உள்ள வேறொரு தொட்டிக்கு மாற்றிவிட்டால், உதிர்ந்த கூடுகள் பழைய தொட்டியின் அடியிலேயே தங்கிவிடும். அடுத்த மூன்று நாளில் மீனிலிருந்து இன்னும் சில உதிரும், அவற்றையும் அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பலாம். முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள். தோலுக்குள் எவ்வளவு ஆழத்தில் ஒளிந்திருந்தாலும் ஏழு நாளுக்குள் அது உதிர்ந்தே ஆக வேண்டும். மீதி நாட்கள் காப்புக்கு. ஒட்டுண்ணியைக் கொல்வதில்லை, அதைப் பின்னால் விட்டுவிட்டு மீனோடு வீடு மாறிக்கொண்டே இருக்கிறோம்.

வேண்டியவை: அறுபது லீற்றர் பிடிக்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு, காற்று பம்ப் ஒன்று, காற்றுக்கல்லும் குழாயும் இரண்டு சோடி, மீன் ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டு இரண்டு. ஒவ்வொரு முறையும் ஐம்பது லீற்றர் என்றால் மொத்தம் 250 லீற்றர் தண்ணீர். குளிர்நாட்டில் இதற்கு ஒன்பது கிலோ உப்பை வாங்கிக் கரைக்க வேண்டும். நாங்கள் இருபது லீற்றர் கான்கள் பதின்மூன்றை ஓர் ஆட்டோவில் ஏற்றினோம்.

தண்ணீர் எடுப்பதில் மட்டும் சோம்பல் கூடாது. கரையோரத்தில் அள்ளக் கூடாது. படகுக்காரர் ஒருவரைப் பிடித்து அலை உடையும் இடத்துக்கு அப்பால் போய் எடுக்க வேண்டும். கப்பல் நிற்கும் உள்துறைமுகத்தில் வேண்டாம். ஹோட்டல்களின் கழிவுக்கான் வாய்க்குக் கிட்டவும் வேண்டாம். கொட்டியாரக் குடாப் பக்கம் மகாவலி வந்து விழுகிறது, அங்கே எந்த மாதத்திலும் உப்பை அளந்து பார்க்காமல் எடுக்கக் கூடாது. எடுத்த நீரைப் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டி, இருட்டில் மூடிவைத்து இரண்டு வாரம் விட்டுவிட்டு, அடியைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் வார்த்தெடுக்கிறேன். கடலிலிருந்து தற்செயலாக வந்த குஞ்சுகள் மீன் கிடைக்காமல் அதற்குள் செத்துவிடும். நோய் வந்த பிறகு இரண்டு வாரம் காத்திருக்க முடியாது என்பதால் என் வீட்டில் எப்போதும் இரண்டு பரல் நீர் பழுத்துக் கிடக்கும். மச்சானுக்குப் போன கான்களும் அதிலிருந்துதான்.

இந்த வழிக்குக் குறை இல்லையா? இருக்கிறது. வடிகட்டி இல்லாத தொட்டியில் மூன்று நாளில் அமோனியா ஏறும். உணவை அரைவாசியாக்க வேண்டும், இரண்டாம் நாள் கொஞ்சம் நீர் மாற்றினால் நல்லது. மின்சாரம் போனால் காற்று போகும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் பற்றரியில் ஓடும் சிறு பம்ப் இல்லாதவர்கள் எந்த வைத்தியத்தையும் செய்திருக்க முடியாது. ஒரு மாற்றம் அரை நாள் தாமதித்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஈரம் காயாத ஒரு கைவலை போதும், பழைய கூடு புதிய தொட்டிக்கு வந்துவிடும். பயன்படுத்திய தொட்டியையும் குழாயையும் கழுவி ஒரு முழு நாளாவது வெயிலில் காயவைக்க வேண்டும். அதற்குத் திருகோணமலை வெயிலைவிட நல்ல கருவி எங்கே கிடைக்கும்?

டாங் மீனை வலையால் பிடிக்கக் கூடாது என்பதையும் அன்று கண்ணால் பார்த்தோம். அதன் வாலடியில் இருபுறமும் மடித்த பேனாக்கத்தி போல ஒரு முள் இருக்கிறது. முதல் மாற்றத்தில் மச்சான் வலையைப் போட்டான். முள் வலையில் சிக்கியது. மீன் துடித்தது, வலை ஒரு விரல் நீளம் கிழிந்தது, அவன் கையிலும் ஒரு கீறல். கடைசியில் வலையை நீருக்குள்ளேயே வைத்துக் கத்தரிக்கோலால் நூல்நூலாக வெட்டி விடுவித்தோம். மீனின் மேல் பட்ட இடம் வெளிறிப் போயிருந்தது. அடுத்த நான்கு மாற்றங்களிலும் சோறு போடும் இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பாவை நீருக்குள் சாய்த்து, மீன் தானாக நீந்தி உள்ளே வரும்வரை பொறுத்திருந்து எடுத்தான். டப்பாவின் பழைய நீரைப் புதிய தொட்டியில் ஊற்றாமல் கையால் தடுத்து வடித்துவிட்டு மீனை மட்டும் நழுவவிட வேண்டும். அதற்கு அவனுக்கு மூன்றாம் முறைதான் கை வந்தது.

ஐப்பசி பிறந்து வாடை தொடங்கிவிட்டால் என் விடை மாறிவிடுகிறது. கடல் கொந்தளிக்கும், படகு போகாது. வங்காள விரிகுடாவிலிருந்து உப்புக் குறைந்த நீர் கரையோடு தெற்கே இறங்கிவரும். மழை வெள்ளமும் சேறும் அதில் கலக்கும். யூலையில் 1.024 காட்டிய இடத்தில் சனவரியில் 1.021 பார்த்திருக்கிறேன். வாரமொருமுறை மாறும் நீரில் மீனை மூன்று நாளுக்கொருமுறை தூக்கிப்போடுவது கொடுமை. ஆனால் அப்போது கூரையிலிருந்து நல்ல மழைநீர் கொட்டுகிறது, காற்று ஈரமாக இருக்கிறது, தொட்டி நீர் அவ்வளவாக ஆவியாவதில்லை. உப்பைக் குறைக்கும் வழிக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. சேமித்த கடல்நீர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், மீதி மழைநீர். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடிக்க வேண்டும். தகரக் கூரை துருப்பிடித்திருந்தாலோ, பீலியில் செம்பு இருந்தாலோ அந்த நீர் வேண்டாம். ரிஃப்ராக்டோமீற்றர் இல்லாதவர்கள் வாடைக் காலத்திலும் பரலில் நீர் இருந்தால் வாளிக்கே போகட்டும்.

எந்த வழியில் மீனைக் குணமாக்கினாலும் பெரிய தொட்டி மீனில்லாமல் கிடக்க வேண்டும். இதை ஏற்றுக்கொள்ளாதவர்கள் வைத்தியத்தைத் தொடங்கவே வேண்டாம். நீர் 27 பாகைக்கு மேல் இருக்கும் எங்கள் ஊரில் நான் ஆறு வாரத்துக்கு மேல் விடுகிறேன். பொறுமைசாலிகள் 76 நாள் விடுவார்கள். நண்டும் நத்தையும் அங்கேயே இருக்கலாம். மீன்கள் அனைத்தும், புள்ளி இல்லாத கோமாளிகளும்கூட, வெளியே வர வேண்டும்.

ஒன்றும் செய்யாமல் நன்றாகத் தீனி போட்டு விட்டுவிடுவதையும் ஒரு வழியாகச் சிலர் சொல்வார்கள். தப்பிப் பிழைத்த மீனுக்குச் சில மாதங்கள் எதிர்ப்புச் சக்தி இருக்கும் என்பது உண்மை. தொட்டியில் கோமாளி மீன்கள் மட்டும், இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும் என்றால் நானும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பேன். டாங் இருந்தால் பார்க்க மாட்டேன்.

கடைசியாக, எங்கள் ஊரில் மட்டும் கேட்கக்கூடிய ஓர் ஆலோசனை: "கடலிலிருந்து வந்தது, கடலிலேயே விட்டுவிடு." மாமி அன்றே சொன்னார், புண்ணியம் என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கு உடன்பாடில்லை. தொட்டியில் அந்த மீன் வேறு கடலிலிருந்து வந்த மீன்களோடு ஒரே நீரில் இருந்திருக்கிறது. எதைச் சுமந்துகொண்டு போகிறது என்று நமக்குத் தெரியாது. மெலிந்த மீன் பாறையில் ஒரு நாள் தாங்காது. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அந்தப் பாறைகளுக்கு ஏற்கெனவே இருக்கும் தொல்லை போதும். இனிப் பிழைக்காது என்று உறுதியாகத் தெரிந்த மீனுக்குக் கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயங்கிப் போகும் முடிவு இருக்கிறது. அது கஷ்டமான வேலை, ஒருமுறை செய்திருக்கிறேன்.

மச்சானின் டாங் ஐந்தாவது தொட்டிக்குப் போன காலை, கடற்கல்லில் சுரண்டி எடுத்துவந்த பச்சைப் பாசியை ஒரு கவ்வியில் மாட்டித் தொங்கவிட்டான். முதலில் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு ஒரு கடி. அரை மணி நேரத்தில் கவ்வி மட்டும்தான் இருந்தது. கோமாளிகளும் அதோடுதான் மாறி மாறி வந்தன. புள்ளி ஒன்றும் இல்லை. இப்போது மூன்றும் வடிகட்டி போட்ட தனித் தொட்டியில் இருக்கின்றன. கூடத்தில் பெரிய தொட்டி வெறுமையாகப் பம்ப் ஓடிக்கொண்டு கிடக்கிறது, உள்ளே ஒரு துறவி நண்டு மட்டும் ராசாவைப் போல் உலாவுகிறது. "மீனே இல்லாத தொட்டிக்கு எதற்கு விளக்கும் கரண்டும்?" என்று மாமி தினமும் கேட்கிறார். மச்சான் சுவரில் தொங்கும் கலண்டரைக் காட்டுகிறான். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.